தொங்கவிட்ட கயிறு

அன்று பகல் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. எதிர்வீட்டுக் கொடியில் துணிகள் மொரமொரவென்று காய்ந்து கிடந்தன. அமலியின் பால்கனிக் கயிறு மட்டும் நனைந்திருந்தது. தொட்ட விரலை முகர்ந்து பார்த்தாள். ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

ரங்கூனின் பபேடான் பகுதியில் அந்தத் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். மேல்நுனியில் மணி, கீழ்நுனியில் கிளிப். கீழே நிற்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். செய்தித்தாளோ, பையில் கட்டின சூடான மொஹிங்கா மீன் நூடுல்ஸோ, கிளிப்பில் மாட்டிவிட்டால் வீடு வந்து சேர்ந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து அமலி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தவளுக்குக் கடைசியில் அந்தக் கயிறுதான் கதி என்று ஆயிற்று. பாஷை தெரியாத ஊரில் பால்கனியிலிருந்து கைஜாடை காட்டினால் போதும், காய்கறி ஏறி வந்துவிடும். சாயங்காலம் புருஷன் கிறிஸ்டோபர் கீழே வந்து நின்றால் ஒரு நீள இழுப்பு, பிறகு வெடுக்கென்று ஒரு சின்ன இழுப்பு. உடனே கீழ்க்கதவுச் சாவியை மாட்டி இறக்குவாள். சாவி தொலைப்பதில் மகா கெட்டிக்காரன் அவன். அதனால் அவனிடம் கொடுத்து வைப்பதே இல்லை.

தூத்துக்குடி வியாபாரி ஒருவருக்காக உளுந்து வாங்கி அனுப்புவது அவன் வேலை. ஆற்றின் அக்கரையில் டாலா ஊரையும் தாண்டி, டெல்டாவுக்குள் இருக்கிற கிட்டங்கியைப் பார்க்கப் படகில் போனான். அன்று இரவுதான் நர்கிஸ் புயல் அடித்தது. ஊர் ஊராக ஜனங்களை வாரிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. தூதரகத்தில் பெயரைக் கேட்டுக்கொண்டு, பொறுத்திருங்கள் என்றார்கள். நானே போய்த் தேடுகிறேன் என்று படகுத்துறைக்கு ஓடினாள். வெளிநாட்டுக்காரிக்கு அனுமதி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுவதற்குக்கூட அந்த ஊரில் அவளுக்குச் சொந்தம் என்று ஒரு தோள் இல்லை.

தெருவில் மற்ற வீடுகளில் பொழுது சாயுமுன்பே கயிற்றைச் சுருட்டி மேலே கட்ட ஆரம்பித்தார்கள். நேர் கீழே மூன்றாவது மாடி ரத்தினம்மாள் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள். முட்டி வலியோடு படியேறி வந்து நின்று, பர்மியர் வழக்கப்படி 'மா' சேர்த்துக் கூப்பிட்டாள்.

"மா அமலி, கயித்த மேல தூக்கிக் கட்டிடு. தண்ணில போனவங்களுக்கு வழி தெரியாது. தொங்குற கயித்தத்தான் தேடிக்கிட்டு வருவாங்க."

அமலிக்குச் சுரீரென்று வந்தது. போய்விட்டான் என்று இவளுக்கு யார் சொன்னது? கயிற்றைக் கட்டிவிட்டால் அவன் வரமாட்டான் என்று தாலி கட்டிக்கொண்டவளே முடிவு பண்ணினதாக ஆகிவிடாதா? நாங்கள் வேதக்காரர்கள், இதையெல்லாம் நம்பமாட்டோம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பினாள். அதன்பிறகு அந்தத் தெரு முழுக்கத் தொங்கிய கயிறு அவளுடையது ஒன்றுதான்.

இப்போது ஈரமாக இருக்கிறதே என்று யோசித்தாள். யாராவது தண்ணீர் வண்டிக்காரன் தொட்டிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இருட்டு கட்டியது. புயலில் முறிந்து விழுந்த மரங்கள் அழுகும் நெடியும், அடுத்த தெருப் பள்ளிவாசலின் ஓதலும், யார் வீட்டிலோ ஓடும் ஜெனரேட்டரின் உறுமலும், குப்பைக்குச் சண்டை போடும் நாய்களின் குரைப்பும் சேர்ந்து மேலே வந்துகொண்டிருக்க, மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள் அமலி. முதலில் ஓதல் முடிந்தது. பிறகு ஜெனரேட்டர் நின்றது. நாய்களும் அடங்கிவிட்டன என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

மணி அடித்தது. ஒரு நீள இழுப்பு. வெடுக்கென்று ஒன்று.

மாதாவே, வந்துவிட்டான்! எட்டிப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கை தன்பாட்டுக்குச் சாவியை மாட்டி இறக்கிவிட்டது. கீழே யாரோ அதைக் கழற்றிக்கொள்வது கயிற்றில் தெரிந்தது.

"என்னங்க?" என்றாள், குனிந்து. தெரு இருண்டு கிடந்தது.

கயிற்றை இழுத்தாள். முழம் முழமாக ஈரம். மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோனாள். நெடுகச் சேற்றுக் கைத்தடம். ஒரு பெரிய கை. அதன்மேல் வேறொரு கை. அதற்கும் மேல், குழந்தைக் கை.

பிடி நழுவியது. கயிறு சரசரவென்று மறுபடி தெருவுக்கு ஓடியது.

கீழே இரும்புக் கதவு கிரீச்சிட்டது. படியில் காலடி. ஈரக் காலடி. ஒருவருடையது இல்லை. முதல் மாடியில் நிற்கவில்லை. இரண்டாவதிலும் நிற்கவில்லை. ரத்தினம்மாள் வீட்டுத் தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. இன்னும் மேலே. இங்கே.

"அமலி, கதவத் திற."

அவன் குரல்தான். சத்தியமாக அவன் குரல்தான். ஓடிப்போய்த் திறக்கவேண்டும் போலிருந்தது.

"கூட யாரு வந்திருக்கா?"

அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டியது. பல இடங்களில் சொட்டியது.

"நம்ம கயிறு மட்டுந்தான் தொங்கிச்சு, அமலி."

கதவடியில் தண்ணீர் வந்தது. நாலாவது மாடியில். கலங்கல் தண்ணீர். அதில் உளுந்து. ஊறி, வீங்கி, முளைவிட்ட உளுந்து. அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது.

அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது. எப்போது வைத்தாள்? தெரியவில்லை.

பின்னால், பால்கனியில், மணி அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு அது நிற்கவே இல்லை.