எட்ட நின்றால் தெரிகிறவள்

"ஹலோ! வாசல்ல பெட்ரோலைக் கொட்டிக்கிட்டு இருக்கீங்களே... கடையைக் கொளுத்தறதா உத்தேசமா?"

மூக்குக்கண்ணாடிக் கடையின் கதவைத் திறந்து அவள் போட்ட சத்தத்தில், படியோரம் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். வெளியே அப்படியொரு மழை. முன்கூரைக்கு அடியில் அவனும் அவனுடைய கிழட்டு மோட்டார் சைக்கிளும். அதன் வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாய்ப் பெட்ரோல்.

"நான் கொட்டலைங்க. இதுதான் கொட்டுது."

"அப்ப இதுகிட்டயே பேசிக்கறேன்."

சிரித்தான். நாற்பதை நெருங்குகிறவன். மழைத்துளி ஒன்று அவன் இமையில் தொங்கிக்கொண்டு நின்றது... விழவா வேண்டாமா என்று யோசிப்பது போல. அவள் சட்டென்று வலது கன்னத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பழக்க தோஷம். சின்ன வயதில் வந்த அம்மை அந்தக் கன்னத்தில் குழி குழியாய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் ஊரார் கண்களுக்குள் எட்டிப் பார்க்கிற வேலை அவளுக்கு. அந்தக் கண்களெல்லாம் எழுத்துப் பலகையைப் பார்க்கும். அவளை யார் பார்த்தார்கள்? ஒரு தரம் சம்பந்தம் பேச வந்தவர்கள், "தூரத்துல நல்லாத்தான் இருந்தா..." என்று இழுத்துவிட்டுப் போனதோடு சரி.

"கார்புரேட்டருக்குள்ள ஒரு மிதவை இருக்குங்க. பெட்ரோல் ரொம்பினா மேல வந்து வழியை அடைக்கணும். இது பாதியிலேயே சிக்கிக்கிட்டு அடம் பிடிக்குது. நேத்தே மூணு தரம் பிரிச்சுக் கழுவிட்டேன்."

அடிக்கிண்ணத்தைக் கழற்றி, மிதவையை எடுத்தான். கையை நீட்டினான். இன்னும் நீட்டினான். தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை இடுக்கினான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இங்க கொடுங்க."

உருப்பெருக்கி லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தாள். மிதவை ஆடுகிற குட்டித் தண்டைச் சுற்றி, முடி மாதிரி ஒரு நீல நூல். இடுக்கியால் பிடித்து இழுத்தாள். மிதவை தொப்பென்று தொங்கியது. விரலால் தொட்டால் ஏறியது, விட்டால் இறங்கியது.

"இது தையல் நூலாச்சே?"

"டெய்லருங்க நான். மார்க்கெட்டுக்குப் பின்னாடி."

அத்தோடு அவள் வாயை மூடியிருக்கலாம்.

"மூணு தரம் பிரிச்சும் இது தெரியலையா? கிட்ட இருக்கறது எதுவுமே உங்களுக்குத் தெரியலை. முதல்ல உள்ள வந்து கண்ணைக் காட்டுங்க."

உள்ளேயிருந்த வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சூடுபட்ட நைலான் போலச் சுருங்கியது.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

மிதவையை வாங்கி விறுவிறுவென்று மாட்டினான். உதைத்தான். கிளம்பிவிட்டது. நன்றிகூடச் சொல்லவில்லை, மனுஷன்.

அன்றிலிருந்து, தெருவில் எந்த வண்டி தடதடத்தாலும் அவள் தலை தானாக நிமிர்ந்தது.

"யாரு, உன் பெட்ரோல்காரரா?" கல்லாவிலிருந்து அக்கா கேட்டாள்.

"எந்தப் பெட்ரோல்காரர்?"

"அடியேய், வலது கண்ணு லென்ஸை இடது பக்கம் மாட்டிக்கிட்டு இருக்கே. போய்த்தான் பார்த்துட்டு வாயேன்."

"நான் எதுக்குப் போகணும்? முறைச்சுக்கிட்டுப் போனது அவரு."

மழை வந்தது. போனது. மறுபடி வந்தது... முன்கூரைக்கு அடியில் யார் யாரோ ஒதுங்கினார்கள். அவன் மட்டும் இல்லை.

ஒரு மத்தியானம், சோதனைக் கண்ணாடி ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அக்கா கண்டும் காணாத மாதிரி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறுகலான கடை. வெட்டுமேஜையில் உள்ளங்கையளவு ஒரு பஞ்சுமெத்தை. அதில் நூல் கோத்த ஊசிகள் வரிசையாய். அவற்றில் இல்லாத நிறத்தில் ஒரு நூலை வைத்துக்கொண்டு, வெறும் ஊசி ஒன்றைக் கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தான் அவன். அவளைப் பார்த்ததும் ஊசி கீழே விழுந்தது.

"இதையெல்லாம் யாரு கோத்துக் கொடுத்தது?"

"தங்கச்சி. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி..." தலை குனிந்தான். "வெளிய சொல்லிடாதீங்க. கண்ணு மங்கின டெய்லர்கிட்ட யாருங்க துணி கொடுப்பா?"

"உங்களைப் பத்தி ஊர்ல போய்ச் சொல்றதா எனக்கு வேலை? ...வண்டி எப்படி?"

"நல்லா ஓடுதுங்க."

"சத்தமே காணோமே?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் மெல்ல நிமிர்ந்தான். "உங்க தெருமுனையில ஆஃப் பண்ணிட்டு, எதிர் பிளாட்பாரத்தோட தள்ளிக்கிட்டே போயிடுவேன்."

"தினமுமா?"

"முந்தாநாள் பச்சை கட்டியிருந்தீங்க. நேத்து போட்டிருந்த ரவிக்கையில இடது தோள்கிட்ட ஒரு தையல் விட்டிருக்கு. எட்ட இருந்தா நல்லாத் தெரியறீங்க... கிட்ட வந்தாத்தான் மங்கிடறீங்க."

தூரத்துல நல்லாத்தான் இருந்தா...

கைப்பைக்குள் கண்ணாடி கனத்தது. அதை எடுக்காமலே போய்விட்டால்? எதிர் பிளாட்பாரத்து அழகியாகவே இவனுக்குள் காலமெல்லாம் இருந்துவிடலாம்... ஆனால் பாவம், ஒரு ஊசி கோக்கத் தவிக்கிறானே!

எடுத்தாள். அவன் மூக்கின் மேல் வைத்தாள். பிறகு வலது கன்னத்தை அவளே ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அவன் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏமாந்துட்டேன்."

அவ்வளவுதான். கண்ணாடியைப் பிடுங்கக் கை நீட்டினாள். அந்தக் கையை அவன் பிடித்துக்கொண்டான்.

"அங்கிருந்து பார்க்கறப்போ படம் மாதிரி இருந்தீங்க. படத்துகிட்ட போய் என்னத்தைப் பேசறதுன்னுதான் தள்ளிக்கிட்டே போனேன். இத்தனை நாள் வீணாப் போச்சே! இப்பதான் ஆள் தெரியுது... எனக்கு இந்த ஆள்தாங்க வேணும்."

"கழட்டுங்க அதை. சும்மா சோதனைக்கு வெச்சிருக்கறது..." என்றாள்.

"மாட்டேன்."

அவன் கண்களுக்குள் எத்தனை பவர் குறைகிறது என்று முதல்முறையாக அவளுக்கு அளக்கத் தோன்றவில்லை.

"எனக்கும் நீங்கதான் வேணும்" என்றாள்... கன்னத்தைத் திருப்பிக்கொள்ளாமல்.