சிவப்புக் கிணற்றில் பச்சை

ஐப்பசித் தூறலில் நின்று யாகப்பன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். தண்ணீர் சிவப்பாக இருந்தது... ரத்தச் சிவப்பு. மழைக்காலத்தில் ஒரு தவளைகூடக் கத்தாத கிணற்றை அவன் இதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சிவப்பில், அவன் முகத்துக்குப் பக்கத்தில், இன்னொரு முகம் தெரிந்தது. பெரிய கண்கள்... இமைக்காத கண்கள்.

திரும்பினான். முழங்கைவரை சிவந்த கைகளோடு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"உள்ள வுழுந்துடாதீங்க. பேய்க் கெணறுன்னு யாரும் தூக்கிவுட வரமாட்டாங்க."

"நீங்க..." என்று இழுத்தான்.

"பேய் இல்லீங்க. சாயப்பட்டறை மதலைமுத்து மக, இசபெல்லா."

சிரித்தாள். பயம் போய்விட்டது, நெஞ்சு படபடப்பது மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டுக் குறுக்கு வழியில் நடந்து வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

தருமபுரி அரசு ஆபீஸிலிருந்து அவள் அப்பாவைப் பார்க்கத்தான் வந்திருந்தான். சாயக் கழிவை வடிகட்டும் தொட்டி கட்ட அரசாங்கம் உதவி தருகிறது. 'என் பட்டறைக் கழிவு வெளியே கசிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் மதலைமுத்து முறுக்கிக்கொண்டார்.

"பேய் பண்றதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? என் கழிவுக் குழியில இருந்து ஒரு சொட்டு வெளிய போவாது."

பேய்க் கிணற்றுக்கு அடுத்தது கண்ணம்மாளின் கிணறு. தெருவே அதில்தான் குடிக்கிறது.

"நாங்க செவப்பைத் தவிர வேற சாயம் காய்ச்சறதில்லீங்க," என்று இசபெல்லா அவனிடம் தனியாகச் சொன்னாள். "இன்னிக்கே கழிவுக் குழியில பச்சையைக் கரைச்சு ஊத்திடறேன். கெணத்துல பச்சை வந்தா அப்பா என்ன சொல்வாரு?"

தினமும் மாலையில் யாகப்பன் வந்தான். முதல் நாள் சிவப்பு. இரண்டாம் நாளும் சிவப்பு... காற்றே இல்லாமல் கிணற்று உருளை கிரீச்சிட்டது. இருவரும் துள்ளி விலகினார்கள். மூன்றாம் நாளும் மாற்றமில்லை.

"நெசமாவே பேய்தான் போலிருக்குங்க," என்றான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

நான்காம் நாள் கண்ணம்மாள் குடத்தோடு வந்தாள். குடத்துத் தண்ணீரில் லேசாகச் சிவப்பு ஓடியது. இசபெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது.

ஆறாம் நாள் கிணற்றின் ஒரு மூலையில் பச்சை ஊறிக்கொண்டிருந்தது.

மதலைமுத்து வந்து பார்த்தார். குனிந்தவரிடம், "நம்ம குழியில நான் ஊத்துன பச்சைப்பா," என்றாள் இசபெல்லா. அவர் நிமிர்ந்து கண்ணம்மாளைப் பார்த்து, "பேய் இல்லம்மா. நான்தான்," என்றார். யாகப்பனிடம் பேனா கேட்டார்.

எல்லோரும் போன பிறகு இசபெல்லா சொன்னாள்.

"பச்சையை மொத நாளே நான் ஊத்தலீங்க. அந்தக் குடத்தைப் பாத்தப்புறம்தான் ஊத்துனேன்."

"ஏன்?"

"ஊத்தியிருந்தா ரெண்டே நாள்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிருப்பீங்களே..." கண்ணீர் சாய விரல்களில் விழுந்தது. "குடிக்கிற தண்ணியக்கூட நெனைக்கல. அப்பாவை வுட நான்தான் மோசம்."

அவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகினான்.

"நானும்தாங்க," என்றான். "கையெழுத்து வாங்க வந்தவன்... தெனமும் பஸ்ஸுல மாதாகிட்ட வேண்டிக்கிட்டே வந்தேன். இன்னிக்கும் பச்சை வந்துடக் கூடாதுன்னு."

உருளை தானாகக் கிரீச்சிட்டது. இந்த முறை இருவரும் விலகவில்லை.