பக்கத்துக் காற்றிலிருந்து

திரையில் ‘நெட்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஆர்எஃப்’ என்று வந்தது.

மருந்துக்கடை வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் கையடக்க ரேடியோவை எடுத்திருந்தாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை. மேசைமேல் சோப்புப்பெட்டி அளவில், சின்னத் திரையோடு அந்த ஹாட்ஸ்பாட், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் உற்றுக் கேட்டால் மட்டும் பிடிபடும் மெல்லிய இரைச்சலுமாக அது பாட்டுக்கு இருந்தது. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன் கணவன் வாங்கி வைத்தது. “ஃபோன்ல ஊரே பேசுது, நாம ரேடியோல பேசுவோம்” என்று நச்சரித்து, அவளை உரிமத் தேர்வு எழுத வைத்து, அலைவரிசையெல்லாம் அவனே போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அங்கே அவனிடமும் இதே மாதிரி ஒரு பெட்டி. அவன் குரல் இணையம் வழியே இந்தப் பெட்டிக்கு வந்து, இங்கிருந்து அவள் ரேடியோவுக்குத் தாவும். அதற்குத்தான் ‘நெட்’. பக்கத்தில் யாரோ ரேடியோவில் பேசி, பெட்டி அதை நேரே காற்றில் பிடித்தால் ‘ஆர்எஃப்’. இதன் வீச்சோ இந்த வீட்டுச் சுவர்களைத் தாண்டாது.

“என்ன, வந்துட்டியா?” என்றான் கணவன். திரையில் அவனுடைய அழைப்புக்குறிதான், உரிமத்தோடு கொடுத்த ரேடியோப் பெயர்.

“வந்துட்டேங்க. பெட்டி என்னமோ தப்பாக் காட்டுதே?”

“என் பெட்டி காலையிலேர்ந்து மக்கர். வேற வழியா வரேன். நீ அதையெல்லாம் பார்க்காத.”

பார்க்காதே என்றால் பார்க்காமலிருக்க அவளென்ன குழந்தையா? ரவுட்டர் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன. இனி உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரு சொல்கூட இந்தப் பெட்டிக்கு வர வழியில்லை.

“சாப்பிட்டியா?” என்றது ரேடியோ.

அடப்பாவி! விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தவன். அவள் காய்ச்சலில் அனத்தியபோது, “பக்கத்துல இருந்திருந்தா தலையைப் பிடிச்சுவிட்டிருப்பேனே” என்று குரல் கம்மியவன். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் அவனிடம்தானே கொட்டினாள்! அதையெல்லாம் எங்கே உட்கார்ந்து கேட்டான்?

“நீங்க... எங்க இருக்கீங்க?”

“எங்க இருப்பேன்? ரூம்லதான்.”

வாசல் கதவுக்குப் போக வேண்டுமானால் படுக்கையறையைத் தாண்ட வேண்டும். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். வெறுங்காலோடு நடந்தாள். சுவரை ஒட்டி. மூச்சைப் பிடித்துக்கொண்டு. அறைக்குள் மின்விசிறி நின்றிருந்தது. லேசாக வியர்வை வாடை. அவளுடையது இல்லை.

“ஏம்மா, பேச மாட்டேங்கிற?”

பரணிலிருந்து வந்தது. அவள் கட்டிலுக்கு நேர் மேலே.

இந்த டிஜிட்டல் ரேடியோவில் குரல் எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் வரும். அந்தக் கணம் கழிந்தது. கையிலிருந்த ரேடியோ, அதே பாசத்தோடு, மெதுவாகச் சொன்னது.

“ஏம்மா, பேச மாட்டேங்கிற?”

பரண் திரை விலகியது. ஒரு கால் கீழே இறங்கியது. பழகிய கால். குனிந்து பார்க்காமலே, அவள் தலை வைக்கும் இடத்தை மிதிக்காமல், தள்ளி ஊன்றியது.