வற்றிய கிணற்றுக்காரன்

காலை ஆறு மணிக்கு இரும்பு நாடாவின் நுனியில் சுண்ணாம்பைத் தடவி, தனசேகரனின் சரளைக் குழியோரம் இருக்கும் அளவுக் கிணற்றில் இறக்கினேன். தண்ணீர் பட்ட இடத்தில் வெள்ளை மங்கும். அந்தக் கோட்டைப் பார்த்து எண்ணைச் சொன்னேன்.

"பதிவாகிவிட்டது," என்றது கம்பத்திலிருந்த நிலநீர்க்கணி, நிலத்தடி நீருக்குக் காவலாகச் சர்க்கார் வைத்த இயந்திரம்.

சிவப்புக் குறிக்கு இன்னும் நாலு விரல்கடைதான். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் குழியின் பம்புகளைக் கணி நிறுத்திவிடும். மறுபடி ஓடாது. குழி குளமாகிவிடும். பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

இவ்வளவு பெரிய கணி இருக்கும்போது கிழவன் எதற்கு என்று கேட்பீர்கள். முதலில் சென்சார்தான் வைத்தார்கள். குழிக்காரர்கள் டேங்கரைக் கொண்டுவந்து அளவுக் கிணற்றில் கவிழ்த்தார்கள். மட்டம் நலம் என்று சென்சார் எழுதியது. அதற்கு மூக்கும் இல்லை, கோபமும் இல்லை. அப்புறம்தான் சட்டம் மாறியது. குழியால் எவன் கிணறு வற்றியதோ அவன்தான் நாடா பிடிக்க வேண்டும். பகையளவர் என்று பெயர். சர்க்கார் போட்ட சட்டத்தில் நான் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

என் கிணறு வற்றிய கோடையில் நூற்று நாற்பது தென்னை மொட்டையாக நின்றது. அன்றைக்குத் தனசேகரன் வரப்பில் நின்று சிரித்தான். "இன்னும் ஆழமா வெட்டுங் மாமா. நம்மகிட்ட மெஷின் இருக்குது, வாடகைக்குத் தர்றேன்."

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நாடாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பாவாத்தாள் ஈரத் தலையோடு நிற்கிறாள். எங்களுக்கு வாரத்துக்கு எட்டுக் குடம் டேங்கர் தண்ணீர். தலைக்கு ஊற்றுவதெல்லாம் கிடையாது.

"ஏனுங், கிணத்துல தண்ணிங்! வாளி முங்குதுங்!" என்றாள். ஐம்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. குழியில் இறைக்கிற தண்ணீரைத் திருப்புக் கால்வாயில் விட்டு மண்ணுக்கே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். போன மாதம் தனசேகரன் அந்தக் கால்வாயை என் நிலத்து ஓரமாகத் திருப்பியிருந்தான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். நான்தான் முட்டாள்.

மத்தியானம் அவனே வந்தான்.

"தண்ணி வந்துருச்சுங்களா மாமா? வெள்ளிக்கிழமை வருசச் சோதனை. உங்க கிணறு வத்தியே இருக்குதான்னு சட்டப்படி குழிக்காரன் நான்தான் அளக்கோணும். தண்ணி இருக்கறவரு நாடா புடிக்க முடியாதுங்களே. நம்ம பொன்னுச்சாமிகிட்டக் குடுத்துருங். அவரு கிணறும் வத்திப்போச்சு, பாவம்."

பொன்னுச்சாமி மூன்று வேளையும் இவன் கேன்டீனில்தான் சாப்பிடுகிறான்.

அவன் போனதும் மண்வெட்டியை எடுத்தேன். என் நிலத்தில் அடுத்தவன் தண்ணீர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. பாவாத்தாள் வழியை மறித்தாள்.

"பன்னெண்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் தலைக்கு ஊத்துனேன். அதையும் புடுங்கறீங்களா?"

"அவன் உட்ட தண்ணி."

"எவன் உட்டான்னு தண்ணிக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப அந்த நாடாவையே கரைச்சுக் குடிங்," என்று விலகிக்கொண்டாள்.

என் எல்லையில் கால்வாய் வாயைக் களிமண் போட்டு மிதித்து அடைத்தேன். தினமும் என் கிணற்றை நானே அளந்தேன். முதல் நாள் ஒரு முழம் இறங்கியது. அப்புறம் மளமளவென்று போனது. பாவாத்தாள் கடைசி வாளிவரை இறைத்துக் குடங்களில் பிடித்து வைத்தாள். என் சோற்றைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை தனசேகரன் வெள்ளைச் சட்டையில் வந்தான். பின்னாலேயே பொன்னுச்சாமி, நாடாவை வாங்கிக்கொள்ள. தலைக்கு மேலே கணியின் பறக்கும் கண் நின்று பார்த்தது. தனசேகரன் சுண்ணாம்பு தடவி இறக்கினான். தூக்கினான். முழுக்க வெள்ளை. மறுபடி தடவி அடிவரை விட்டான். கல்லில் மோதும் சத்தம் கேட்டது. வெள்ளையாகவே வந்தது.

"என்ன மாமா பண்ணித் தொலைச்சீங்?"

"சுண்ணாம்பு வீணாப்போவுது. எண்ணைச் சொல்லு."

அவன் நாடாவைச் சுருட்டினான். "வத்திப்போச்சு," என்றான்.

"பகையளவர் நீடிக்கிறார்," என்றது கணி.

"காத்தால ஆறு மணிக்கு வர்றேன் தனசேகரா. உன்ற கால்வாய்த் தண்ணி இந்தப் பக்கம் ஊறலை, மட்டம் இறங்குது. உன்ற குழியோரக் கிணத்துல சிவப்புக் குறிக்கு இன்னைக்கு மூணு விரல்கடைதான்," என்றேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு வீட்டுக்குள் வந்தேன். பாவாத்தாள் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். சுவரோரம் அவள் பிடித்து வைத்த குடங்கள் மூடியிருந்தன. எனக்குத் தாகமாக இருந்தது. கேட்கவில்லை.