மூணு மடங்கு சோப்பு

காலை ஒன்பதே காலுக்கு எப்சியின் செல்போன் அலறியது.

ஆம்பூருக்கு வெளியே, தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் அவள்தான் கெமிஸ்ட்.

திரையில் தம்பி ஜோவினின் எண். குரல் மட்டும் அவனுடையதில்லை. துணி மூடிய கரகரப்பு...

“உன் தம்பியைக் கட்டிப் போட்டிருக்கேன். உயிரோட வேணுமா?”

அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

“இன்னா வேணும் உனக்கு?”

“பத்து மணிக்கு அதிகாரிங்க சாம்பிள் எடுக்க வர்றாங்க. அதுக்குள்ள தொட்டியில சோப்பை மூணு மடங்கு ஊத்து. போலீஸுக்குப் போனே... தம்பி போய்ட்டான்.”

லைன் கட்.

மூணு மடங்கா...

கழிவுநீர்த் தொட்டியில் அவள் தினமும் அளந்து ஊற்றும் சோப்பு அது. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலை, தோல் பதனிட்ட தண்ணீரில் மிதக்கும் குரோமியத் துகளில் ஒட்டும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது, காற்றுக்குமிழியைப் பிடித்துக்கொள்ளும். குமிழி துகளை மேலே தூக்கி வரும். நுரையை வழித்துவிட்டால் கீழே தண்ணீர் சுத்தம்.

அளவு மீறினால்தான் பேஜார். துகளில் ஒட்டிய முதல் வரிசையின் வாலோடு இரண்டாம் வரிசையின் வால் கோத்துக்கொள்ளும். வெளியே தெரிவது தலை. தலைக்கோ தண்ணீர்தான் தோஸ்த். குமிழி கைவிட்டுவிடும், துகள் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

தெரிந்தே ஊற்றினாள். வேறு வழி?

பத்தரைக்கு அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். புதினாச் சட்னி நிறம்.

“மூடிடுங்க.”

வால்வில் அரக்கு முத்திரை விழுந்தது. இருபது தொழிற்சாலைகளின் வேலை அதோடு நின்றது. எப்சி தொட்டிக் கம்பியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

பம்ப் ஆபரேட்டர் அஹமது பாஷா பக்கத்தில் வந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

பாஷா தாடியைச் சொறிந்தார்.

“இருவது வருசமா இங்க இருக்கேன் மேடம். சோப்பு ஜாஸ்தின்னா சுத்தம் ஜாஸ்தின்னுதான் நானே நெனச்சுட்டிருந்தேன். கெடுக்க நெனக்கிறவன் ‘சோப்பை நிறுத்து’ன்னுதானே சொல்லுவான்? இவனுக்கு யாரு பாடம் எடுத்தது?”

எப்சியின் அழுகை பாதியில் நின்றது.

போன ஞாயிறு. சர்ச் முடிந்து பிரியாணிக் கடை. இலையில் கத்திரிக்காயைத் துகளாகவும் வெங்காயத்தைச் சோப்பாகவும் வைத்து அவள் விளக்கியது ஒரே ஒருவனுக்கு. புதுப் பைக்கில் வந்து அதிசயமாகக் கேள்வி கேட்டவனுக்கு. பைக் வாங்கித் தந்தது புகழேந்தியாம்... எதிரே போட்டி நிலையம் கட்டிக்கொண்டிருப்பவர்.

போன் அடித்தது. அதே கரகரப்பு.

“சொன்னபடி செஞ்சுட்டே. தம்பியை அவுத்து விடறேன்.”

“கட்டு இறுக்கமா இருக்கா?”

“...இருக்கு. ஏன்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீர் நிற்கவில்லை, வழிந்தது.

“அப்படியே இருக்கட்டும் ஜோவின். விலங்கு மாட்ட வர்றவங்களுக்கு வேலை மிச்சம்.”