பாக்கலாம்

வரைவிகளின் சந்தேகங்கள் செண்பகவல்லியின் திரையில் அன்றைக்கும் மலையாகக் குவிந்திருந்தன. வாயால் சொன்னதைக் கேட்டு நொடியில் ஆணையாக எழுதிவிடும் இயந்திரம், வரைவி. குடிநீர் அலுவலகத்தில் அது எல்லோரிடமும் இருந்தது, அவளிடம் மட்டும் இல்லை. பயிற்சி நடந்த வாரம் மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்தால் புது விதி: வரைவிக்கு ஒரு சொல் புரியாவிட்டால், வரைவியைத் தொடாத ஒருவர் விளக்க வேண்டும். அந்த விளக்கம் மாநிலத்தின் எல்லா வரைவிகளுக்கும் போய்ச்சேரும். விளக்கியவர்தான் அதை மாற்றலாம்.

ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். இங்கே ஊரே தேரில் ஏறிக்கொண்டது, இழுக்க அவள் ஒருத்தி. மகள் தென்காசியில் அப்பாவோடு இருந்தாள். ஞாயிறு மட்டும் போய்வரும் அம்மாவை இப்போதெல்லாம் அவள் வாசல்வரைகூட வழியனுப்புவதில்லை. அது செண்பகவல்லிக்கு வலித்தது.

"சார், தென்காசிக்கு மாறுதல் கேட்டிருந்தேனே?"

அதிகாரி திரவியம் தலையைச் சொறிந்தார். "நீ போயிட்டா இதெல்லாம் யாரும்மா பாக்குறது? சரி, பாக்கலாம்."

முப்பது வருஷ சர்வீஸில் அவர் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. அவர் 'பாக்கலாம்' என்றால் நடக்காது என்பது வாசலில் நிற்கும் பியூனுக்குக்கூடத் தெரியும். போன திங்கள்கிழமைதான் அவர் மேசைக்கு வந்த வரைவிக்குத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் அவளுடைய மாறுதல் ஆணையே அவள் திரையில் வந்து நின்றது. கீழே ஒரு சந்தேகம்: "'பாக்கலாம்' என்பது ஒப்புதல்தானே?"

இல்லை என்று எழுதுவதுதான் அவள் வேலை. எத்தனை வருஷமாக நியாயமாக இருந்தாயிற்று! கண் எரிந்தது. "ஆம்" என்று அழுத்தினாள். குற்ற உணர்ச்சி வருமென்று காத்திருந்தாள். கொட்டாவிதான் வந்தது.

அவள் தென்காசியில் பணியில் சேர்ந்த வாரத்தில், மாநிலமெங்கும் அதிகாரிகள் சொன்ன பாக்கலாமெல்லாம் ஆணைகளாகப் பறந்தன. கேட்ட தெருவுக்கெல்லாம் குழாய், கேட்டவருக்கெல்லாம் விடுப்பு. அதிகாரிகள் அதைத் தடுக்க ஒரே வழி, 'முடியாது' என்று வாய்விட்டுச் சொல்வது. அது ஒருவருக்கும் வாயில் வரவில்லை.

திரவியம் போன் செய்தார். "செண்பகம், ஒரேயொரு நாள் வந்து அந்த வார்த்தைய மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போயேம்மா."

மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி.

"முடியாது சார்."

திரவியம் ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார்.

"அத எப்படிம்மா சொல்றே?"