பதினான்கு அடி, மூன்று அங்குலம்

அந்தத் தெருவில் பதினாறு வீடுகள். ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல, பொதுச்சுவர்களோடும் மரப் பால்கனிகளோடும் நூறு வருடங்களுக்கு மேலாக நின்றன. அவற்றை இடிக்காமல் காப்பாற்ற வேண்டுமானால், எல்லா வீடுகளின் அளவும் இன்று மாலைக்குள் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். கடைசி வீட்டில் ஒரே ஓர் அளவு பாக்கி: மாடியறையின் உள்சுவரிலிருந்து பால்கனி விளிம்பு வரை.

அதற்காக அந்த ஆர்க்கிடெக்ட் தனியாக வந்திருந்தாள்.

"ஒத்தையாவா வந்தீங்க மேடம்? டேப்போட அந்த முனைய பேயா புடிக்கும்?" என்று சிரித்த காவலாளி, அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்கம்மா. எல்லாம் வாய்க்கொழுப்பு."

நான்கு மாதம் முன்புவரை அந்த முனையைப் பிடித்தவன் அவள் கணவன். அவள் "விடு" என்று சொல்லும்வரை பிடியைத் தளர்த்த மாட்டான். சொன்ன பிறகும், டேப் விர்ரென்று சுருண்டு அவள் விரலை அறுத்துவிடுமென்று, நுனியைப் பிடித்தபடியே நடந்து வந்து கொடுப்பான்.

அன்று, இதே பால்கனியில், அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஓரடி பின்னால போப்பா" என்றாள். போனான். பலகை உளுத்திருந்தது. கீழே கருங்கல் தெரு.

"விடு" என்று அவள் சொல்லவே இல்லை.

மாடியில் நண்பகல் வெயில், வண்ணக் கண்ணாடி வழியே சிவப்பும் பச்சையுமாகத் தரையில் கிடந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசம். பால்கனியில் பலகைகள் போய், ஒற்றை உத்தரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்சுவரோடு முதுகை ஒட்டி நின்று, டேப்பை அந்த உத்தரத்தை நோக்கித் தள்ளினாள். பாதி வழியில் அது தொய்ந்தது.

பிறகு நிமிர்ந்தது.

நுனி விளிம்பைத் தொட்டதும், அந்தப் பக்கமிருந்து இரண்டு சின்ன இழுப்பு. 'படிச்சுக்கோ' என்பதற்கு அவன் எப்போதும் காட்டும் சைகை.

பதினான்கு அடி, மூன்று அங்குலம். நோட்டில் எழுதினாள்.

"பலகைய நான் பாத்திருக்கணும்ப்பா," என்றாள் வெற்று வெளியைப் பார்த்து. "நோட்டையே பாத்துட்டு இருந்துட்டேன்."

டேப் அசையவில்லை.

"நாலு மாசமா புடிச்சிட்டே இருக்கியா? கை வலிக்குமே. போதும்... விடு."

அது சுருண்டு பாயவில்லை.

மெதுவாக வந்தது. நடந்து வருகிற வேகத்தில்.

பத்து அடி.

ஆறு.

தரைப்பலகை ஒன்று கிறீச்சிட்டது.

மூன்று.

டேப்பின் இரும்பு நுனி அவள் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. வெயிலில் கிடந்த இரும்பு, பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.

அவள் கீழே இறங்கியதும் காவலாளி தெருக்கதவைத் திறந்தார். அவள் வெளியேறிய பிறகும் அதைச் சாத்தாமல், பின்னால் வருகிற இன்னொருவருக்காகப் பிடித்துக்கொண்டே நின்றார்.